வரியில்லாத மூன்றில் ஒரு பங்கு

பிறந்த தேதிதான் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறதே, பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிறது, பணிப் பதிவேட்டில் இருக்கிறது, பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது, அத்தனையையும் பார்த்துவிட்டு அப்புறமும் ஒரு டாக்டர் உட்கார்ந்து இந்த ஆளுக்கு வயது இவ்வளவு என்று புதிதாக எழுத வேண்டும் என்றால் அரசாங்கத்துக்குத் தன் காகிதத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம் என்று பெரியாஸ்பத்திரி மாடி வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து பால்வண்ணம் யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. தப்பு தன் பக்கம் இல்லை என்று முடிகிற எந்த யோசனையும் அவருக்குப் பிடிக்கும். பக்கத்தில் மனைவி செண்பகவல்லி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டெங்குக் கொசுவின் படத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற ஒரு வருஷத்துக்குள் கேட்டிருந்தால் டாக்டரும் வேண்டாம், கொசுவும் வேண்டாம். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்வது, கம்யூட்டேஷன் என்று பேர், கூட ஓய்வு பெற்ற அத்தனை பேரும் வாங்கினார்கள். பால்வண்ணம் மட்டும் வேண்டாம் என்றார். எங்க வீட்டு ஆம்பிளைங்க தொண்ணூறைத் தொடாம போறதில்லை, மாசாமாசம் முழுசா வாங்குறவன்தான் கடைசியில ஜெயிப்பான் என்று பிரிவுபசார விழா மேடையிலேயே மைக்கில் சொன்னவர் அவர். இப்போது காலம் தாழ்த்திக் கேட்டதால் டாக்டர் பார்க்க வேண்டுமாம். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் டாக்டர் நிஜ வயதோடு நாலைந்து வயதைக் கூட்டி எழுதலாமாம். வயது கூடக் கூடத் தொகை குறையும். எழுதட்டுமே, நன்றாகப் பார்த்துவிட்டு எழுதட்டும், அறுபத்தொன்று என்று சொன்னால் யார் நம்புகிறார்கள், பஸ்ஸில் இடம் கொடுக்க எவனாவது எழுந்திருக்கிறானா. நேற்றுச் சாயங்காலம் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தபோது செண்பகம் கண்ணாடிக்குள் வந்து நின்று, "என்ன, பொண்ணு பாக்கவா கிளம்புறீக?" என்று கேட்டாள். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வாங்கியிருந்தார். பால்காரன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஒத்திகையும் பார்த்தாயிற்று. இன்று காலை கீழேயிருந்து இந்த மாடிக்கு எப்படி ஏறி வந்தோம் என்ற பக்கம் யோசனை ஒரு தடவை போகப் பார்த்தது. அவர் அதைத் திருப்பிவிட்டார்.

வரிக்காகத்தான் என்று செண்பகத்திடம் சொல்லியிருந்தார், வரிக்காகத்தான், அதில் பொய் என்ன இருக்கிறது, மாப்பிள்ளை பிரபாகரே சொன்னதுதானே. வரி வரம்பு இன்றைக்குப் போல் தாராளமாக இல்லாத வருஷம் அது. பென்ஷனும் வங்கி வட்டியும் சேர்ந்தால் தலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பிரபாகர் மடிக்கணினியைத் திறந்து மாமனாருக்கு வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுத்தார். "உங்களுக்கு இருக்கிற சலுகை எங்களுக்குக் கிடையாது மாமா. எங்க கம்பெனியில இப்படி மொத்தமாக் கொடுத்தா ஒரு பகுதிக்கு மேல வரி. கவர்மெண்டு ஆளுங்கிறதால உங்களுக்கு ஒரு ரூபாய் வரி கிடையாது. அதை வேண்டாம்னுட்டு, வரி போடுற பென்ஷனை முழுசா வாங்குறேன்னு உக்காந்திருக்கீங்களே!" சொன்னது வாஸ்தவம். பணிக்கொடை வந்தது, வரி தொடவில்லை. சேமநல நிதி வந்தது, தொடவில்லை. எடுக்காத லீவுக்கெல்லாம் காசு வந்தது, அதையும் தொடவில்லை. முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் ஒரு காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன் என்று பார்த்து அரசாங்கமே எட்ட நின்று கும்பிட்டது போல அவருக்கு அப்போது இருந்தது. மாதாமாதம் வருகிற பென்ஷன் மட்டும்தான் வரியின் கண்ணில் பட்டது. அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. ஏனென்றால் கணக்கில் பென்ஷன் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பிரபாகர் காட்டினார், சம்பளம் என்ற தலைப்பில் வந்தது. திண்டுக்கல் பூட்டு மாதிரி வீட்டு வாசலில் தொங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிறவனுக்குச் சம்பளம்! அன்று முழுக்க அவர் மிதப்பாகத் திரிந்தார். அப்போதே மடிக்கணினியை மூடச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ எனக்கப்புறம் உங்க அத்தைக்கு வர்றது?" என்று கேட்டுவிட்டார், சும்மா, பேச்சோடு பேச்சாக. "குடும்ப பென்ஷனா? அது சம்பளத்துல வராது மாமா. இதர வருமானம். பேங்கு வட்டியெல்லாம் வர்ற இடம். கொஞ்சம் கழிச்சுக்கலாம், மிச்சத்துக்கு வரி உண்டு," என்றார் மாப்பிள்ளை, தட்டிலிருந்து முறுக்கை எடுத்தபடி. இதரம். அதே வேலை, அதே வெயிலில் அலைந்த அதே ஊர்கள், ஆள் இருந்தால் சம்பளம், ஆள் போய்விட்டால் இதரம். படிவத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் இதர என்று ஒரு கட்டம் போடுவார்களே. செண்பகம் அந்தத் தலைப்பில் என் பேரைத் தேடுவாளா, வங்கி வட்டிக்குப் பக்கத்தில், குறைந்துபோன ஒரு தொகையாக, அதிலும் வரி பிடித்தது போக, அவளுக்கு வங்கியில் சலான்கூட எழுதத் தெரியாது, எழுதத் தெரியாது என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன், நான் எழுத விட்டதில்லை. இதரம். முறுக்கு உடையும் சத்தத்தோடுதான் அந்த வார்த்தை இன்னும் அவர் காதில் இருந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஆஸ்பத்திரி ஊழியர் வந்து, "பால்வண்ணம் யாரு? எடை பாக்கணும்," என்றார். பால்வண்ணம் துள்ளி எழுந்தார். துள்ளியிருக்க வேண்டாம். ஆனால் எடை என்ற வார்த்தைக்கு அவர் உடம்பு அப்படித்தான் பழகியிருந்தது. தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர் அவர், கடைத்தெரு பாஷையில் தராசு இன்ஸ்பெக்டர். எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பையன் ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறான் என்று சந்தோஷமும், குறை ஒன்றும் அகப்படவில்லையே என்று லேசான ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. குனிந்து நிமிர்ந்ததில் மார்புக்குள் யாரோ துணியைப் பிழிந்தார்கள். பிழிந்து விட்டார்கள். ஊழியர் முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. செண்பகம் கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "சரியான மெஷின்," என்றார், அவ்வளவு சொல்லத்தான் மூச்சு இருந்தது. சித்திரை மாதம் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலுக்கு ஏறும்போதுதான் முதன்முதலாக இந்தத் துணி பிழிதல். மகளும் பேரப்பிள்ளைகளும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள், அவர் பாறை ஓரமாக நின்று, "ஒரே பாறை, மேலேருந்து கீழே செதுக்கிட்டு வந்திருக்கான், முதல்ல கோபுரம், அப்புறம்தான் தரை," என்று பக்கத்தில் நின்ற அயலூர்க் குடும்பத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்து, மூச்சு திரும்புகிற வரைக்கும் விட்டுவிட்டுச் சொல்லி, அந்தக் குடும்பம் அவருக்குக் காசு கொடுக்கலாமா என்று தங்களுக்குள் குசுகுசுத்ததையும் கேட்டார். அதற்கப்புறம் வீட்டு மாடிப்படி. அதற்கப்புறம் குளித்துத் துவட்டும்போது. டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்தால் அது வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு நாள் மத்தியானம் கருவூலத்துக்குப் போய் கம்யூட்டேஷன் மனு வாங்கி வந்தார். ஆள் போனால் பென்ஷன் சுருங்கி இதரமாகிவிடும். மொத்தமாக வாங்கி செண்பகத்தின் பேரில் போட்டுவிட்ட பணம் சுருங்காது, அதை வாங்கியதற்காக அவளுடைய குடும்ப பென்ஷனிலும் குறைக்க மாட்டார்கள், இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். டாக்டர் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து தொகை உறுதி. அடுத்த நாளே ஏதாவது ஆனாலும் உறுதி. ஜெயிப்பேன் என்று மைக்கில் சொன்னவர் இப்போது தான் தோற்பேன் என்று எதிர்ப்பக்கம் பணம் கட்டப் போகிறார், அவ்வளவுதான் விஷயம். அதில் ஒரு சிக்கல், நோயாளிக்குத்தான் இந்தப் பணம் அவசரம், ஆரோக்கியமாக இருக்கிறவனுக்குத்தான் அதை முழுசாகக் கொடுப்பார்கள். ஆகவே மீசைக்கு மை, சட்டைக்குக் கஞ்சி. முடியும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. எத்தனை கடைக்காரர்கள் எவ்வளவு அழகாக அவர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அதில் பாதியாவது தனக்கு வராதா. மிளகாய் வற்றல் கடைக்காரர் ஒருவர் இருந்தார், தராசுத் தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டி வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு எலுமிச்சம்பழ சர்பத் சொல்லு என்று உள்ளே பார்த்துக் கத்துவார். சர்பத் நன்றாகத்தான் இருக்கும். குடித்து முடித்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பார் பால்வண்ணம். "மேல முள்ளு நேரா நிக்கிதுல்லா சார், கீழ ஏன் பாக்கீக?" என்று அந்த மனுஷன் உண்மையிலேயே மனம் நொந்து கேட்டது இப்போதும் ஞாபகம் இருந்தது. கீழே பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று பதில் சொன்னார், சம்பளம், மறுபடியும் அந்த வார்த்தை, அதன் பின்னாலேயே மற்ற வார்த்தையும் வந்துவிடும் என்பதால் அவசரமாகச் செண்பகத்திடம் மணி என்ன என்று கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தது அவர்தான்.

டாக்டர் ஒரு பெண், வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, காலையிலிருந்து நிறையப் பேரைப் பார்த்த களைப்பு குரலில் இருந்ததே தவிரக் கண்ணில் இல்லை. செண்பகத்தை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார் பால்வண்ணம். இந்த மாதிரி இடத்தில் பொம்பளைங்க வந்தால் ஏதாவது உளறுவார்கள் என்று காரணம் சொன்னார், அவள் சரி என்றாள், சரி என்று அவ்வளவு சுலபமாக அவள் சொன்னது ஒரு கணம் உறுத்தியது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை உண்டா என்றார், ஆபரேஷன் எதுவும் நடந்ததா என்றார். இல்லை, இல்லை, எதுவும் இல்லை, பால்வண்ணம் மேடையில் பேசுகிற குரலில் சொன்னார். "மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி, படி ஏறினா இறுக்கிப் பிடிக்கிறது, அந்த மாதிரி?" "அப்படின்னா என்னன்னே தெரியாது டாக்டர்!" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு, அவருக்கே பிடித்திருந்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். "எதுக்கு சார் இப்போ கம்யூட் பண்றீங்க? வீடு கட்டுறீங்களா?" "வரி டாக்டர், பென்ஷனுக்கு வரி போட்டுத் தாளிக்கிறான். இதுக்கு வரி இல்ல." "எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவாரு," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பேனாவை எடுத்துவிட்டார். கேட்டது போதும் என்று நினைத்திருக்கலாம், வெளியே வரிசை நின்றது, எதிரில் உட்கார்ந்திருந்த மீசை அவ்வளவு கருப்பாக இருந்தது. இன்னும் ஒரு வரிதான். எழுதட்டும். எழுதிவிட்டால் முடிந்தது. பேனா காகிதத்தைத் தொடப் போகிற அந்த நேரத்தில் பால்வண்ணத்துக்கு மகா கோபம் வந்தது. தன் மேலா டாக்டர் மேலா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏம்மா, தட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டியா, சர்பத்தைக் குடித்துவிட்டு முத்திரை அடித்துவிடுவியா, நான் ஒரு நாளாவது அப்படி அடித்திருக்கிறேனா. முள் நேராக நிற்கிறதாம். புளியை ஒட்டி வைத்திருப்பவன் நான் அல்லவா, என் நெஞ்சுக்கு அடியில், அதை வைத்துக்கொண்டு சிரிக்கிறேனே. பணம் செண்பகத்துக்கு வேண்டும். வேண்டும்தான். ஆனால் டாக்டர் நல்ல உடம்பு என்று எழுதிவிட்டால் அப்புறம் நான் எங்கே போய் எதைச் சொல்வது, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று அயலூர்க்காரர்களுக்குக் கோபுரக் கதை சொல்லிக்கொண்டே இருப்பதா, சொல்லிச் சொல்லி ஒரு நாள் பாதிக் கதையில் உட்காருவதா. பயமாக இருந்தது. சித்திரையிலிருந்து பயமாகத்தான் இருந்தது, இன்றைக்குத்தான் அதை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "டாக்டர், அதை எழுதாதீங்க," என்றார். குரல் மேடைக் குரலாகவே வந்தது, வேறு குரல் அவரிடம் இல்லை. "மூச்சு வாங்குது. படி ஏறினா நெஞ்சைப் பிழியுது. நாலஞ்சு மாசமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. நீங்க காதை வச்சுக் கேளுங்க. கேக்காம கையெழுத்துப் போடுறது தப்பு." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சட்டையைக் கழற்றினார், கஞ்சி போட்ட சட்டை நாற்காலியில் தன்பாட்டுக்கு விறைத்து உட்கார்ந்தது. மார்பில் குளிர்ந்த களிம்பு தடவி, ஒயர்களை ஒட்டி, கோடு கோடாகக் காகிதம் ஓடியது. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது பால்வண்ணத்துக்கு எதிர்பாராத ஒரு நிம்மதி, யாரோ ஒருவர் ஒழுங்காக அளக்கிறார்கள் என்ற நிம்மதி. வெளியே உட்கார்ந்து கொசுவையே பார்த்துக்கொண்டிருப்பாள் அவள். முடிந்ததும் டாக்டர், "நல்லவேளை சொன்னீங்க சார். வைத்தியம் பண்ணக்கூடிய விஷயம்தான். ஆனா இன்னிக்கே ஹார்ட் டாக்டரைப் பாக்கணும், தள்ளிப் போடக்கூடாது," என்றார். "இந்த மனுவைப் பொறுத்தவரைக்கும் உங்க வயசோட ஏழு வயசு கூட்டித்தான் நான் எழுத முடியும். தொகை குறையும். குறைஞ்சாலும் அது உங்களுக்கு வந்து சேரும். வேண்டாம்னு தோணினா மனுவைத் திரும்ப வாங்கிக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க." அறுபத்தெட்டு. கதவைத் தாண்டுவதற்குள் ஏழு வயது. அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே நடந்தார், நடையில் ஒரு குறையும் இல்லை, குறையப் போவதும் இல்லை, வைத்தியம் பண்ணக்கூடியது என்று டாக்டரே சொல்லியாயிற்று. ஏழு போனாலும் மிச்சத்தை வாங்கி அவள் பேரில் போட்டுவிடுவோம், கையெழுத்து இன்றைக்கே, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. வரி என்றே ஆரம்பிக்கலாம்.

செண்பகம் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் அவள் அப்படிச் செய்ததில்லை. "என்ன எழுதினாக?" என்றாள். "ஏழு கூட்டிட்டாங்க. தொகை கொஞ்சம் குறையும். அதுனால என்ன, வரி கிடையாதில்ல, மாப்பிள்ளை சொன்ன மாதிரி வரியே கிடையாது, அதைக் கணக்குப் பாத்தா நமக்கு…" "வரியை விடுங்க," என்றாள் செண்பகம். "வரிக்காக நீங்க இங்க வரலன்னு எனக்குத் தெரியும். ராத்திரி என் பக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறீக. நான் முழிச்சுத்தான் கெடப்பேன். மூச்சு சரியாகிற வரைக்கும் நானும் மூச்சு விடாமத்தான் கெடப்பேன். கேட்டா அதுக்கும் ஒரு வெளக்கம் சொல்லுவீக." அவளுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தார், நான் போனாலும் உனக்கு இருக்கும் என்று, அந்த இதர வருமானத்தை விளக்க நினைத்தார். "எனக்குத்தான் அந்தப் பணம்னும் தெரியும்," என்றாள் அவள், சொல்லாததற்கும் சேர்த்து. "எனக்கு வேண்டாம். நீங்க இல்லாத நாளைக்கு இப்பவே எதுக்கு எனக்குப் பணம் வாங்கித் தாரீக? அந்த மூணுல ஒரு பங்கும் வரட்டும், மாசாமாசம் வரட்டும், வரி போட்டா போட்டுக்கிடட்டும். நீங்க வருசா வருசம் கட்டுங்க. எவ்வளவு கேட்டாலும் கட்டுங்க. எனக்கு அந்த வரியை நீங்க கட்டணும், அவ்வளவுதான்." கடைசி வார்த்தைக்கு வந்தபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பால்வண்ணத்துக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அந்த இரண்டுக்கும் அடியில் நல்ல தெம்பாகவும் இருந்தது. எழுந்தார். வரிசையில் நின்றவர்களிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு உள்ளே தலையை நீட்டி, "அந்த மனுவை நான் திரும்ப வாங்கிக்கிறேன் டாக்டர்," என்றார். "ஹார்ட் டாக்டர் எந்தப் பக்கம்? கூட என் வீட்டுக்காரியும் உள்ள வருவா."